மஞ்சள் தண்ணீரில் குளித்த ரெகுலேட்டர்

திருவொற்றியூர் குப்பத்திலிருந்து படகுக்கு இன்ஜின் வாங்கப் போனால் மூன்று பேர் போவார்கள். ஒருவர் குறை சொல்ல, ஒருவர் கோபித்துக்கொண்டு கடையை விட்டு வெளியேற, ஒருவர் வெளியேறியவரைக் கெஞ்சி உள்ளே கூட்டிவர. காசு யார் மடியில் இருக்கிறது என்பது கடைசிவரை கடைக்காரருக்குத் தெரியக்கூடாது. இந்த முறை தோற்றதாக இதுவரை தகவல் இல்லை.

செங்கொடி வாங்கப் போனது இன்ஜின் அல்ல, ரெகுலேட்டர். அது அடுப்புக்கானதும் அல்ல, மின்விசிறிக்கானதும் அல்ல என்பதை அந்த வாரத்தில் மட்டும் நாற்பது பேருக்கு விளக்கியிருந்தாள். கடலுக்கு அடியில் போகிறவர்கள் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு போவார்கள். அதில் அடைத்திருக்கும் காற்றை நேராக வாயில் வாங்கினால் கன்னம் கிழிந்துவிடும். சிலிண்டரின் தலையைக் கவ்விக்கொள்ளும் ஒரு பித்தளைக் கட்டி முதலில் அந்த வேகத்தை அடக்கும். அதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அங்கிருந்து குழாய் வழியாக வாய்க்கு வரும் கிண்ணம், இழுத்தால் மட்டும், இழுத்த அளவுக்கு மட்டும் காற்றைக் கொடுக்கும். அது செகண்ட் ஸ்டேஜ். இரண்டும் சேர்ந்ததுதான் ரெகுலேட்டர். மூச்சுக்கு ஒரு குழாயடி என்று வைத்துக்கொள்ளலாம். சண்டை மட்டும் கிடையாது.

அந்தமானில் ஒரு டைவிங் நிலையத்தில் அவளுக்குப் பயிற்சி வழிகாட்டி வேலை கிடைத்திருந்தது. விலங்கியல் படிப்பை முடித்துவிட்டு, ராமேஸ்வரத்துப் பக்கம் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்குக் குறிப்பு எழுதப் போனவளை ஒருநாள் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் மேலே வந்தது உடம்பளவில் மட்டும்தான். இரண்டு சான்றிதழ்களை வாடகை ரெகுலேட்டரிலேயே முடித்தாள். அதற்கு முந்தைய நாள் அதைக் கடித்தவர் என்ன சாப்பிட்டார் என்பது பத்து மீட்டர் ஆழத்தில் தெளிவாகத் தெரியும். அந்தமான்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: சொந்த ரெகுலேட்டர், ஒரு வருடத்துக்குள் சர்வீஸ் செய்ததற்கான சீட்டோடு. கப்பல் வியாழக்கிழமை. அந்தக் கப்பலைத் தவறவிட்டால் பட்டியலில் அடுத்து நிற்கும் யாரோ ஒருவருக்கு அந்த வேலை.

திங்கட்கிழமை ராயபுரம் கல்மண்டபத்தில் சுயம்பு அண்ணாச்சியின் கப்பல் சாமான் கடைக்கு மூன்று பேரும் போனார்கள். குறை சொல்ல அம்மா முத்தம்மா. காசிமேட்டில் முப்பது வருடமாக மீன் விற்பவள், கண்ணாடி போல இருக்கும் வஞ்சிரத்திலும் குறை கண்டுபிடிப்பவள். வெளியேற, முத்தம்மாவின் தம்பி எத்திராஜ், லாஞ்ச் டிரைவர். அவர் வெளியேறாத கடை ராயபுரத்தில் இல்லை. கூட்டிவர, செங்கொடி.

மேஜைமேல் அண்ணாச்சி ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். செங்கொடி மூன்று மாதம் படித்துத் தேர்ந்தெடுத்தது அதுதான். எளிய பிஸ்டன் வகை. உள்ளே அசையும் உறுப்புகள் குறைவு, பையில் கனக்காது, உதிரிபாகம் அந்தமானிலேயே கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது மீட்டர் போய்வர அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

முத்தம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள், நாறிப்போன காரப்பொடி மீனைத் தூக்குவதுபோல.

"இன்னா அண்ணாச்சி, கொயந்த கிலுகிலுப்ப மாறி கீது?"

"அக்கா, இது புதுசு. கம்பெனி சீல்கூட பிரிக்கல. பாப்பா கேட்டதே இதத்தாம்லா."

"அவ கேப்பா. இத நம்பி எம் பொண்ண தண்ணிக்குள்ள உடணுமா?"

எத்திராஜ் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் கண் சுவரில் ஆணியில் தொங்கிய இன்னொன்றின்மேல் இருந்தது. பளபளவென்று, கனமாக, அரசாங்க வேலை கிடைத்த மாப்பிள்ளை மாதிரி தொங்கியது.

"அது இன்னாபா?"

"அது ஒரு சர்வே கப்பல்லருந்து வந்த சாமான், அண்ணே. மொத்தமா லாட்டு எடுத்தது. வெளிநாட்டு சரக்கு. மூணு மாசத்துக்கு முன்னால சர்வீஸ் பண்ணுனதுன்னு சீட்டு கெடக்கு பாருங்க."

எத்திராஜ் அதைக் கையில் வாங்கி, ஏந்தி, மேலும் கீழும் ஆட்டினார். இன்ஜின் பாகத்தை அவர் அப்படித்தான் சோதிப்பார். "வெய்ட்டு கீது. கடல்ல தாங்கறது வெய்ட்டுதான்."

"மாமா, அது பனி உறையிற தண்ணிக்கு செஞ்சது," என்றாள் செங்கொடி. "உள்ள ஐஸ் கட்டாம இருக்க மூடி சீல் பண்ணியிருக்காங்க. அந்தமான்ல தண்ணி சுடும்."

"ஐஸையே தாங்குதுன்னா சுடுதண்ணியத் தாங்காதா?"

இந்தக் கேள்விக்கு டைவிங் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. பிறகு வழக்கமானது நடந்தது. முத்தம்மா ஒன்பது குறை சொன்னாள். எத்திராஜ் வெளியேறினார். செங்கொடி போய்க் கூட்டிவந்தாள். அவர் திரும்பவும் வெளியேறினார். இரண்டாவது முறை கூட்டிவந்தபோது அந்தப் பெரியது சின்னதைவிட மலிவாகியிருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி.

இதில் அம்மாவையும் மாமாவையும் மட்டும் சொல்லிப் பயனில்லை. செங்கொடிக்கும் அது பிடித்துப்போனது. சுற்றுலாக்காரர்கள் நிறைந்த படகில் அந்தப் பளபளப்பை எடுத்து மாட்டுவதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாள். மூன்று மாதப் படிப்பு அந்த ஒரு நிமிடத்தில் கரைந்தது. சர்வீஸ் சீட்டு வேறு இருக்கிறது. சிலிண்டரின் தலையில் பொருந்துமா என்று மட்டும் பார்த்தாள். பொருந்தியது. வாங்கிவிட்டாள்.

மறுநாள் காலை மருத்துவத் தகுதிச் சான்றுக்காக அவள் தேரடி வரை போய்வந்தாள். போய்வர இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் குப்பத்தில் நீண்ட காலம்.

குப்பத்தில் கடலுக்குப் போகிற எந்தப் பொருளும் குளிக்காமல் போகாது. புது இன்ஜின் வந்தால் மஞ்சள் தண்ணீரில் கழுவுவார்கள். பிறகு அதன் வாய்கள் ஒவ்வொன்றிலும், டீசல் போகிற வாய், புகை வருகிற வாய், எண்ணெய் ஊற்றுகிற வாய், சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கெட்டது நுழைவது வாய் வழியாகத்தான் என்பது குப்பத்தின் கணிப்பு. மனிதர்களை வைத்துப் பார்த்தாலும் தவறு என்று சொல்ல முடியாது. டீசல் இன்ஜின் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். ரெகுலேட்டருக்கு ஒரே ஒரு விதி உண்டு. அதன் கையேட்டில் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கும்: ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. அதற்காகத்தான் அந்த வாய்க்கு ரப்பர் மூடி.

வீட்டுக்குள் நுழைந்தபோது ரெகுலேட்டர் அம்மன் படத்துக்குமுன் உட்கார்ந்திருந்தது. குழாயில் எலுமிச்சம்பழம். வாய்க்கிண்ணத்தில் கதம்பம். பித்தளைக் கட்டியின் வாயில், மூடி இருக்கவேண்டிய இடத்தில், ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமம்.

"மூடி எங்கமா?"

"மூடி போட்டுகினு இருந்தா சாமி எப்புடி உள்ள போவும்? திருகிக் கயட்டிட்டேன். தோ, மாடத்துல பத்திரமா கீது."

"கழுவுனியா?"

"பக்கெட்டுல மஞ்சத்தண்ணி கலக்கி முக்கி எடுத்தேன். உள்ளல்லாம் போய் சோக்கா குளிச்சிச்சி, குபுகுபுன்னு." முத்தம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். "இன்னாடி, புட்சிகீதா?"

செங்கொடி அதைத் தூக்கிச் சாய்த்தாள். பித்தளையின் வாயிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. பின்னால் இன்னொன்று. வியாழக்கிழமைக்கு ஒன்றரை நாள் இருந்தது.

"புட்சிகீதுமா," என்றாள். வேறு எதைச் சொன்னாலும் அழுகையோடு சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது.

எண்ணூர் பஸ்ஸில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டே அம்மாவைத் திட்டினாள். மனதுக்குள்தான், ஆனாலும் விரிவாக. மடியில் கட்டைப்பை, பைக்குள் எலுமிச்சம்பழத்தோடு ரெகுலேட்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கோயில் என்று கேட்டார்.

ஜானட் எண்ணூரில், கப்பல்களின் அடிப்பாகத்தைப் பார்வையிடும் ஒரு சின்ன நிறுவனத்தில், முக்குளிப்புக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். செங்கொடியோடு சான்றிதழ் வகுப்பில் ஒன்றாக மூழ்கியவள். தகரக் கொட்டகைக்குள் மேஜைமேல் வெள்ளைத் துணியை விரித்து, பையிலிருந்ததை வெளியே எடுத்தாள். எலுமிச்சம்பழத்தை விரலால் உருட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, வயசுக்கு வந்துடிச்சா?"

"சிரிக்காத, ஜானு. பேஜாராயிடிச்சி. வியாயக்கெயம கப்பல்."

"தாய்மாமன் சீர் வந்துச்சா? புட்டு சுத்துனீங்களா?" ஜானட் ஸ்பேனரை எடுத்தாள். "அயாத. தொறந்து காயவெச்சி தொடச்சி குடுத்துடறேன். ஒரு மணி நேரம். நீ போய் டீ சொல்லு."

டீயோடு திரும்பியபோதும் ஜானட் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பித்தளைக் கட்டியின் வாயில் இருந்த சல்லடை வில்லை முழுக்கக் குங்குமம். அதை ஊசியால் நெம்பி எடுத்து விளக்கடியில் தூக்கிப் பிடித்தாள். பின்பக்கத்தைத் திருப்பினாள். அங்கே சிரிப்பு நின்றது.

பின்பக்கம் பச்சையாக இருந்தது. ஊறுகாய் ஜாடியில் போட்டு மறந்த செப்புக்காசுபோல.

"குங்குமம் பச்சையா ஆவாதுல்ல?" என்றாள் செங்கொடி.

"இது நேத்து இன்னிக்கி வந்த களிம்பு இல்ல. உப்புத்தண்ணி எப்பவோ உள்ள பூந்து, வருஷக்கணக்கா உக்காந்துகினு கீது." ஜானட் வேகமாகக் கழற்றினாள். உள்ளிருந்து பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை வந்தது. காற்றை அடைத்துப் பிடிக்க வேண்டியது அதுதான். வட்டமாக ஒரு பள்ளம் அதில் ஆழமாக வெட்டியிருந்தது. பிறகு குழாயின் முனையில் இருந்த ரப்பர் உறையைப் பின்னால் தள்ளினாள். உறைக்குக் கீழே குழாய் வெடித்து வெடித்து, கோடைக்காலத்து ஏரிபோல இருந்தது. அதை வளைத்தபோது உள்ளே நூல் தெரிந்தது.

"மூணு மாசம் முன்ன சர்வீஸ் பண்ணதுன்னு சீட்டு..."

"சீட்டுக்கு பண்ணியிருப்பானுங்க. இல்லாட்டி வேற எதோட சீட்டோ." ஜானட் ஸ்பேனரை வைத்தாள். "கொடி, இதத் தொறக்காம நேரா எடுத்துகினு போயிருப்பியா?"

"போயிருப்பேன். சீட்டுதான் கீதே. வியாயக்கெயம கப்பல்ல, திங்கக்கெயம தண்ணில."

"பதினெட்டு மீட்டர்ல இந்தக் கொயா புட்டுக்கும். காத்து நின்னுபோவாது, கொட்டும். ரெண்டு மூணு நிமிஷத்துல சிலிண்டர் காலி. நீயாவது மேல வந்துடுவ. பக்கத்துல மொத தபா தண்ணில எறங்கன ஆளு ஒன்னு உன் கைய புட்சிகினு இருக்கும்."

செங்கொடி அந்த வெள்ளை வில்லையை எடுத்துப் பள்ளத்தை விரலால் தடவினாள். டீ ஆறியது.

"சரிபண்ண முடியாதா?"

"இந்த மாடலே இப்ப வர்றதில்ல. சாமான் கெடைக்காது." ஜானட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நீட்டினாள். "மொதல்ல வூட்டுக்குப் போய் உங்கம்மா கால்ல வுயு."

"சொன்னா தலமேல ஏறி ஒக்காந்துக்கும்."

"ஒக்காரட்டுமே. தல இருக்கறதாலதான ஒக்காருது."

திரும்பி வரும் பஸ்ஸிலும் அதே நெரிசல்தான். போகும்போது திட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திட்டியது விரிவாக என்பதால் திருச்சினாங்குப்பம் தாண்டியும் அது முடியவில்லை.

வீட்டில் சொன்னாள். மஞ்சள் தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்ற முதல் பாதியைக் கேட்டதும் முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் பாதியைச் சொன்னபோதும் எழவில்லை. குழாயை வாங்கி அவளே வளைத்துப் பார்த்தாள். உள்ளே தெரிந்த நூலைப் பார்த்தாள். தலைமேல் ஏறி உட்காருவாள் என்று செங்கொடி காத்திருந்தாள். முத்தம்மா மகளின் காலைத் தொட்டு, முழங்காலைத் தொட்டு, கையைத் தொட்டு, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள்.

"எத்திராசு! எயுந்துரு. நாளைக்கி காலைல அந்த அண்ணாச்சி கட ஷட்டரத் தூக்கறப்ப நாம நிக்கறோம்."

நின்றார்கள். முத்தம்மா இரவெல்லாம் வசனம் தயாரித்திருந்தாள். அதில் அண்ணாச்சியின் ஊர், தொழில், பரம்பரை ஆகியவை குறித்துத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது' என்ற பலகைக்கு நேர் கீழே டப்பாவைத் திறந்து மேஜைமேல் கொட்டினாள்.

"இன்னான்னு பாரு, அண்ணாச்சி."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பச்சை வில்லை. பள்ளம் விழுந்த பொத்தான். குழாயை வளைத்தார். செங்கொடி, ஜானட் சொன்னதை அப்படியே சொன்னாள்: பதினெட்டு மீட்டர், இரண்டு மூன்று நிமிடம். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத நானா வித்தேன்?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல். பிறகு ஸ்டூலில் ஏறி, அதே லாட்டில் வந்து சுவரில் தொங்கிக்கொண்டிருந்த மற்ற மூன்றையும் ஆணியோடு பிடுங்கிக் கீழே போட்டார். "சீட்ட நம்பித் தொங்கவிட்டேம்மா. பித்தளதானேன்னு நெனச்சேன். கயிறு அறுந்தா வேற கயிறு குடுப்பேன். இதுக்கு நான் என்னத்தத் திருப்பிக் குடுப்பேன்? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கால்லா."

எதிரி சண்டைக்கே வரவில்லையென்றால் என்ன செய்வது என்பதற்கு முத்தம்மாவின் வசனத்தில் பகுதி எதுவும் இல்லை.

அண்ணாச்சி அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து செங்கொடி கையில் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ, தாயி. மொதல்ல இதத்தான நீ கேட்ட."

"இது வெல ஜாஸ்தியாச்சே, மிச்சம் தரணும்," என்றாள் முத்தம்மா.

"ஒண்ணும் வேண்டாம்."

"அது எப்புடி? ஓசில வாங்கின மூச்சு உடம்புல ஒட்டுமா?"

"எக்கா, நீங்க வந்து சொன்னதுக்கு நாந்தான் தரணும். இந்த மூணும் போயிருந்தா?"

"புட்சிக்கோன்னா புடி!"

"மாட்டேம்னா மாட்டேன்!"

கல்மண்டபத்தில் இப்படி ஒரு பேரம் அதற்குமுன் நடந்ததில்லை. எத்திராஜ் பொறுத்துப் பார்த்தார். "காச வாங்க மாட்டேங்கற கடைல எனக்கு இன்னா வேல?" என்று வெளியேறினார். பழக்க தோஷம். அண்ணாச்சியே ஓடிப்போய்க் கூட்டிவந்தார். கடைசியில் மிச்சத்தைப் பாதியாக்கிக்கொள்வது என்று முடிவானது. ஜானட்டின் போன் நம்பரை அண்ணாச்சி கேட்டு எழுதிக்கொண்டார். இனி இந்த வகைச் சாமான் எதையும் அவள் திறந்து பார்க்காமல் விற்பதில்லை என்று, யாரும் கேட்காமலே, சொன்னார்.

மதியம் எண்ணூரில், மூவரும் சுற்றி நிற்க, ஜானட் புதியதை சிலிண்டரில் பூட்டினாள். மீட்டர் முள் ஏறி, ஓர் இடத்தில் நின்றது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் அங்கேயே நின்றது. "நல்ல பொண்ணு," என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தமானுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். கொட்டகைக்குப் பின்னால் கருவிகளைச் சோதிக்கும் இரும்புத் தொட்டி இருந்தது, கழுத்தளவுத் தண்ணீர். எண்ணூர் வெயிலில் காலையிலிருந்து ஊறிய தண்ணீர். வெதுவெதுப்புக்கு அந்தமான் வரை போகத் தேவையில்லை.

செங்கொடி தொட்டிக்குள் இறங்கி, அடியில் உட்கார்ந்தாள். இழுத்தாள். காற்று வந்தது. தேடவேண்டியிருக்கவில்லை, இழுபறி இல்லை, வேறு யாருடைய சாப்பாட்டு வாசனையும் இல்லை. தலைக்குமேல் கலங்கிய வெளிச்சத்தில் மூன்று முகங்கள் குனிந்து பார்த்தன. அம்மா, மாமா, ஜானட். இந்த மூவரும், கல்மண்டபத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்த ஒருவரும், ஆளுக்கொரு தப்போ ஆளுக்கொரு நல்லதோ செய்து அவள் வாயில் கொண்டுவந்து வைத்த காற்று இது. யார் செய்தது தப்பு, யார் செய்தது நல்லது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. இன்னும் ஒருமுறை இழுத்தாள். முகமூடிக்குள் கண் நனைந்தது. தண்ணீருக்கு அடியில் அழுவதில் ஒரு வசதி, யாரும் காரணம் கேட்பதில்லை.

மேலே வந்தபோது ஜானட் போனைக் காட்டினாள். அந்தமானிலிருந்து பதில் வந்திருந்தது: சரி, வாருங்கள்.

முத்தம்மா போனைப் பார்க்கவில்லை. குழாயில் மஞ்சளாகத் தொங்கிய இன்னொரு வாய்க்கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இன்னாத்துக்குடி ரெண்டாவதா ஒன்னு?"

"கூட வர்றவங்களுக்கு காத்து தீந்துபோனா குடுக்கறதுக்குமா."

"எல்லாத்துலயும் இருக்குமா?"

"எல்லாத்துலயும்."

முத்தம்மா யோசித்தாள். முப்பது வருடமாகக் கடலிலிருந்து வருவதை விற்றவள் ஒருமுறைகூடத் தலையைத் தண்ணீருக்குள் விட்டதில்லை. பிறகு கொண்டையை இறுக்கிக் கட்டினாள். எத்திராஜ் "யக்கா, வாணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள், ஏணியில் ஏறி, புடவையோடு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள்.

செங்கொடி மஞ்சள் கிண்ணத்தை அம்மாவின் வாயில் வைத்து, எப்படிக் கடிப்பது என்று காட்டினாள். "மூக்கால இயுக்காத. பயந்தா என் கைய அமுக்கு." மூக்கைத் தன் விரலாலேயே பிடித்துக்கொடுத்தாள். இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள். புடவை மேலே பலூனாக எழுந்தது. அம்மாவின் கை அவள் கையை நசுக்கியது. பிறகு கொஞ்சம் தளர்ந்தது. குமிழிகள் வந்தன. முதலில் அவசரமாக, பிறகு நிதானமாக. ஒரே சிலிண்டர்; இரண்டு பேர் இழுத்தார்கள். இரண்டு பேருக்கும் வந்தது.

முத்தம்மா தலையைத் தூக்கியபோது எத்திராஜ் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போய் நின்றார்.

"இன்னா யக்கா, எப்புடி கீது?"

முத்தம்மா முகத்தை வழித்துவிட்டுக்கொண்டாள். குறை தேடுவது முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

"பேசாத இரு," என்று மஞ்சள் கிண்ணத்தைத் திரும்ப வாயருகே கொண்டுபோனாள். "இன்னொரு தபா போறோம்."